பக்கத்து நாற்காலி

முதலமடையிலிருந்து பாலக்காட்டுக்கு மத்தியானம் இரண்டேகால் பஸ்ஸை விட்டால் அப்புறம் நாலு மணிக்குத்தான் பஸ். அந்த நாலு மணி பஸ் டிரைவர் கொல்லங்கோட்டில் ஒரு டீ, புதுநகரத்தில் ஒரு டீ என்று இறங்கி இறங்கி ஏறுவதால் ஊர் போய்ச் சேர ஆறு மணி ஆகிவிடும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பஸ் விஷயம் புரியாவிட்டால் மற்ற எதுவும் புரியாது.

சர்க்கிள் இன்ஸ்பெக்டர் ஐயா அவர்களுக்கு. நான் முதல் நாள் சொன்னதை ஏட்டையா மலையாளத்தில் எழுதி, எனக்குத் திரும்பப் படித்தும் காட்டினார். அதில் பாதி பொய். ஏட்டையா மேல் தப்பில்லை, நான் சொன்னதைத்தான் அவர் எழுதினார். இப்போது தாளும் பேனாவும் கொடுத்து, உனக்குத் தெரிந்த தமிழில் நீயே எழுது என்று உட்கார வைத்திருக்கிறீர்கள். நல்லதாகப் போயிற்று. எனக்குக் கையெழுத்து நன்றாக வரும். ஒரே ஆளுக்கு முப்பத்தொரு கடிதம் எழுதிப் பழகிய கை இது.

நேற்று மேசைமேல் கிழித்த டிக்கெட்டின் பாதி இரண்டை வைத்தீர்கள். கச்சேரிக்குப் போனது நீ ஒருத்தன், வாசலில் இரண்டு டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டு உள்ளே போயிருக்கிறாயே, எதற்கு என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. அதற்குக் கடைசியில் வருகிறேன். வரிசையாகப் போனால்தான் எனக்கு வரும்.

என் பெயர் சென்னிமலை. வயது இருபத்துநாலு. பன்னிரண்டு வயதிலிருந்து என் அக்கா பூவாத்தாள் வீட்டில் இருக்கிறேன். அக்கா வீட்டுக்காரர் அப்புசாமி, எனக்கு மச்சான். எட்டு ஏக்கர் மாந்தோப்பு, அதையொட்டி ஒட்டுக் கன்று போடுகிற ஒரு ஏக்கர், ஒரு கிணறு. சாப்பாட்டில், துணிமணியில் அவர் எனக்கு ஒரு குறையும் வைத்ததில்லை. இதை யார் கேட்டாலும் சொல்வேன். நல்ல மனநிலையில் இருந்தால் என்னை மாப்ள என்பார். கோபம் வந்தால் தொரை என்பார். அடித்ததே கிடையாது.

ஆனால் ஐயா, அந்த வீட்டில் என்னிடம் யார் வாயைத் திறந்தாலும் ஒரு வேலைதான் வெளியே வரும். தண்ணி கட்டியாச்சா. மருந்து அடிச்சாச்சா. லாரி வந்துருச்சா. காலையில் கண் விழிப்பதற்கு முன்னாலேயே கேள்வி வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கும். பன்னிரண்டு வருஷம். இது குறையில்லை, எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்று சொல்வீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் மோட்டார் ரூமில் டிரான்சிஸ்டரைத் திருகிக்கொண்டிருந்தபோது சுவக்கீன் பாடியது கேட்டது. தூத்துக்குடிக்காரர், மின்சார கித்தாரும் டிரம்ஸுமாக இங்கிலீஷ்காரன் மாதிரி ஆடிக்கொண்டு, தமிழில் பாடுகிறவர். உங்களுக்குப் பிடித்திருக்காது. எங்கள் மச்சானுக்கும் பிடிக்காது. தகரக் கொட்டகையில் ஆட்டுக்கல்லை உருட்டி விட்ட மாதிரி இருக்குது என்பார். எனக்கு அன்றைக்கு என்ன ஆயிற்று என்றால், அழுகை வந்துவிட்டது. அந்தக் குரல் என்னிடம் ஒரு வேலையும் சொல்லவில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று மட்டும் கேட்டது. அப்படி என்னை யாரும் கேட்டதில்லை.

அதற்கப்புறம்தான் கடிதங்கள். முப்பதுக்குப் பதிலே இல்லை. முப்பத்தொன்றாவதற்கு ஒரு கார்டு வந்தது. ஒரு பக்கம் அவர் படம், மறுபக்கம் 'உங்கள் அன்புக்கு நன்றி. நேரில் சந்திப்போம்' என்று இரண்டு வரி, கீழே நீல மையில் கையெழுத்து. ஒட்டுக் கன்றுக்குச் சுற்றுகிற பிளாஸ்டிக் தாளில் அதைச் சுற்றி எப்போதும் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். நேரில் சந்திப்போம் என்று ஒரு பெரிய மனிதர் எழுதிவிட்டால், போகவேண்டியது நம் கடமை இல்லையா?

போன வருஷம் கோயம்புத்தூருக்கு வந்தார். போக முடியவில்லை. அன்றைக்கு மாங்காய் லாரி. ராத்திரிக்குள் ஏற்றி அனுப்பாவிட்டால் காய் பழுத்துவிடும் என்றார் மச்சான். நியாயம்தான். லாரியில் வைக்கோலைப் போட்டுக் காயை அடுக்கினேன், அடுக்கும்போதே அழுதேன். வியர்வை என்று நினைத்துக்கொண்டார்கள். அன்றைக்கு நான் ஒரு முடிவுக்கு வந்தேன். இன்னொரு தடவை இப்படி நடந்தால் நான் இருக்கமாட்டேன். மிரட்டலுக்காகச் சொல்லவில்லை. மாந்தோப்புக்கு அடிக்கிற மருந்து டப்பா எந்த அலமாரியில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

இந்த வருஷம் தை மாதம் பேப்பரில் பார்த்தேன். சுவக்கீன் பாட்டை விட்டுவிட்டு அண்ணனோடு சிங்கப்பூர் போகிறார். அதற்கு முன் நாலு ஊரில் கச்சேரி. கடைசிக் கச்சேரி பாலக்காட்டில், மைதானத்தைச் சுற்றித் தகரம் அடைத்து, மாசி அமாவாசை அன்று சாயங்காலம். அதைப் படித்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவாரோ என்று மச்சானிடம் கேட்கவே பயம். அக்காதான் கவனித்துவிட்டு அவரிடம் சொல்லியிருக்கிறாள்.

ஒரு நாள் மச்சான் பாலக்காட்டில் தாலுக்கா ஆபீசுக்குப் போய்விட்டு வந்து, சட்டைப் பையிலிருந்து இரண்டு டிக்கெட்டை எடுத்து என் கையில் வைத்தார்.

"ரண்டு மணி நேரம் வெயில்ல நின்னு வாங்கியிருக்கறன். உன்னையத் தனியா உட்டா நீ அவன் பொறகாலயே சிங்கப்பூர் போயிருவெ மாப்ள. நானும் வாரேன்."

அவர் காலில் விழுந்திருக்கவேண்டும். விழவில்லை. டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நாற்காலிக்கு நம்பர் கிடையாது, முந்துகிறவர்களுக்கு முன்வரிசை என்று பின்பக்கம் அச்சடித்திருந்தது. நீ தொலைத்துவிடுவாய் என்று அவரே திரும்ப வாங்கித் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இரண்டேகால் பஸ் என்பது அந்த நிமிஷத்தில் முடிவாகிவிட்டது.

இனி கிணற்று விஷயம். இரண்டு வருஷமாக மழை பொய்த்ததில் எங்கள் கிணறு அடி காய்ந்துவிட்டது. ஐம்பதடி வரைக்கும் பக்கவாட்டில் படி உண்டு. படி முடிகிற இடத்தில் மோட்டார் உட்கார்ந்திருக்கிற திட்டு. அந்தத் திட்டுக்குக் கீழே, கிணற்றுக்குள்ளேயே இன்னொரு குழி பதினெட்டு அடிக்கு வெட்டிக்கொண்டிருந்தோம். கிணறு வெட்டுகிற குப்பண்ணனும் அவர் ஆட்களும் அமாவாசைக்கு முந்தின நாள் சாயங்காலம் வெடி வைத்தார்கள். பாறை பிளந்து தண்ணீர் கசிந்தது. அமாவாசை அன்று அவர்கள் யாரும் கிணற்றில் இறங்கமாட்டார்கள். அந்தத் தொழிலில் அப்படி ஒரு கட்டு.

போகும்போது குப்பண்ணன் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார், "தம்பி, வெடிப்பொகை குளிக்குள்ளயே நிக்கும். ஆராச்சும் எறங்கறதா இருந்தா வேப்பங்கொலைய நூறு தடவ உட்டு எடுக்கோணும். அப்பறம் வெளக்கு."

இது எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். வேப்பங்கிளைகளைப் பெரிய கட்டாகக் கட்டி, கயிற்றில் குழிக்குள் விட்டு, வேகமாக மேலே இழுப்பது. உள்ளே நிற்கிற கெட்ட காற்றைக் கலைத்து வெளியே தள்ளும். நூறு தடவை ஆனபிறகு அரிக்கேன் விளக்கை ஏற்றி உள்ளே இறக்கிப் பார்க்கவேண்டும். விளக்கு எரிந்தால் ஆள் இறங்கலாம். அணைந்தால் மறுபடியும் வேப்பங்குலை.

அமாவாசை அன்று காலையில் மச்சான் ஒட்டுக் கன்றுகளைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஐந்நூறு கன்றும் தலை தொங்கிக் கிடந்தது. எங்கள் லைனுக்கு அன்றைக்கு இரண்டு மணியிலிருந்து ஐந்து வரைக்கும் கரண்ட். அதற்குள் மோட்டார்க் குழாயின் அடியில் தண்ணீரை உறிஞ்சுகிற புட்வால்வைக் குழியில் இறக்கிவிட்டால், சுவிட்சை அக்கா போட்டுக்கொள்வாள், நாங்கள் பஸ்ஸுக்குப் போய்விடலாம் என்றார்.

"அமாவாசையும் அதுவுமா கெணத்துல எறங்க வேண்டாமுங்க" என்றாள் அக்கா.

"கன்னுக்கு அமாவாசை தெரியுமா" என்றார் அவர்.

இறங்கவேண்டியது நான். வீட்டில் இளையவன் நான்தானே. ஆனால் நான் விடியற்காலையிலேயே குளித்துவிட்டு, அன்றைக்கென்றே தைத்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றேன். மச்சான் என்னை மேலும் கீழும் பார்த்தார். "புதுச் சட்டைய அளுக்குப் பண்ணிப்போடாதெ. நா எறங்கறன். நீ மேல நின்னு கவுத்தப் புடி" என்றார். அவர் குணம் அது. இதை நீங்கள் எழுதிக்கொள்ளவேண்டும், அவர் நல்ல மனிதர்.

பன்னிரண்டரைக்கு வேப்பங்குலையை விட ஆரம்பித்தேன். அவர் மோட்டார் ரூமில் வால்வுக்குத் தோல் வெட்டிக்கொண்டிருந்தார். கட்டு கனம். ஒரு தடவை விட்டு எடுக்க ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகிறது. நூறு தடவை என்றால் மணி இரண்டைத் தாண்டிவிடும். நாற்பது தடவை விட்டேன். நாற்பது என்பது கொஞ்சமில்லை. கை எரிந்தது, தோள் விட்டுப்போயிற்று. "போதுமா" என்று ரூமுக்குள்ளிருந்து கேட்டார். "ஆச்சுங்க மச்சான்" என்றேன்.

பிறகு விளக்கை இறக்கினேன். முதல் நாள் சொன்னபோது விளக்கு எரிந்தது என்று சொன்னேன். எரியவில்லை. குழியில் பாதி போகும்வரை எரிந்தது. அதற்குக் கீழே சுடர் சுருங்கி, ஒரு பொட்டு மாதிரி ஆகி, அணைந்துவிட்டது. மேலே இழுத்தேன். சட்டைப் பையில் தீப்பெட்டி இருந்தது. ஏற்றினேன். மச்சான் வால்வைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது விளக்கு என் கையில் நன்றாக எரிந்துகொண்டிருந்தது.

"எரிஞ்சுதா?"

"எரிஞ்சுதுங்க."

அந்த ஒரு வார்த்தையை நான் எதற்குச் சொன்னேன் என்று இந்த நாலு நாளாக யோசித்துப் பார்க்கிறேன். அவர் சாகவேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. ஒண்ணேகால் ஆகிவிட்டது என்று மட்டும்தான் நினைத்தேன். கெட்ட காற்றிலும் நாலு நிமிஷம் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு வேலையைச் செய்துவிடலாம் என்று ஒரு கணக்கு. அவர் தெம்பான மனிதர்.

சட்டையைக் கழற்றிப் புளியமரக் கிளையில் மாட்டினார். அதன் மேல் துண்டைப் போட்டார். கைக்கடிகாரத்தை அவிழ்த்து என்னிடம் கொடுத்தார். படி வழியாகத் திட்டுக்குப் போய், இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கினார். நான் மேலே கயிற்றைப் புளியமரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். பாதிக் குழி போயிருக்கும். ஒரு இருமல் கேட்டது. அப்புறம் கயிறு முழுப் பாரமாகத் தொங்கிற்று. என் கையை அறுத்துக்கொண்டு ஓடிற்று. கீழே விழுந்த சத்தம் கேட்டது. கடிகாரத்தில் மணி ஒன்று முப்பத்தெட்டு.

மச்சான் என்று இரண்டு தடவை கூப்பிட்டேன். பதில் இல்லை.

நான் அப்போது பதறவில்லை. நிதானமாக யோசித்தேன். ஆளைக் கூப்பிடவேண்டுமானால் பக்கத்துத் தோப்புக்கு ஓடவேண்டும். அவர்கள் வந்தாலும் குழிக்குள் உடனே இறங்க முடியாது. மறுபடியும் நூறு தடவை வேப்பங்குலை விடவேண்டும். அதற்குள் என்ன ஆகவேண்டுமோ அது ஆகியிருக்கும். அப்படியானால் நான் அங்கே நின்றாலும் ஒன்றுதான், நிற்காவிட்டாலும் ஒன்றுதான். நின்றால் பஸ் போய்விடும், அவ்வளவுதான் வித்தியாசம். இதில் உனக்குத் தப்பே தெரியவில்லையா என்று நீங்கள் நேற்று கேட்டீர்கள். இப்போதும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த பஸ்ஸில் போயிருந்தாலும் பாட்டைக் கேட்டிருக்கலாமே என்று ஏட்டையா கேட்டார். கேட்டிருக்கலாம். பின்வரிசையில் நின்று.

கயிற்றின் நுனியைப் புளியமரத்தில் கட்டினேன். மச்சானின் சட்டைப் பையிலிருந்து இரண்டு டிக்கெட்டையும் எடுத்தேன். கையில் ரத்தம் கசிந்தது, புதுச் சட்டையில் படக்கூடாது என்று அவர் துண்டையும் எடுத்துச் சுற்றிக்கொண்டேன். அவர் சட்டையைச் சுருட்டி மோட்டார் ரூமுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினேன்.

வேலிகளுக்கு நடுவே போகிற இட்டேரியில் அக்கா எதிரே வந்தாள். படையல் முடிந்து, நாங்கள் கிளம்புவதற்கு முன் சாப்பிடட்டும் என்று தூக்குப்போசியில் சோறும் வடையும் எடுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"உன்ற மச்சான் எங்க சாமி?"

"முன்னாலயே பஸ்ஸுக்குப் போயிட்டாருங்கக்கா. ஆரையோ பாக்கோணுமாமா."

"சாப்புடாமயா போனாங்க? கெணத்து வேல என்னாச்சு?"

"கரண்டு இன்னிக்கு வராதாமா. நாளைக்குப் பாத்துக்கலாம்னுட்டாரு. புட்வால்வு மேலயே கெடக்குது, மோட்டாரப் போட்டறாதீங்க."

அக்காவுக்குச் சந்தோஷம். அமாவாசையில் அவர் கிணற்றில் இறங்கவில்லை அல்லவா. "அதும் நல்லதுக்குத்தான்" என்றாள். வடையை வாழை இலையில் சுற்றி, "அவிகளுக்கும் குடு" என்று கொடுத்தாள். "ரண்டு பேரும் சூதானமா போயிட்டு வாங்க. விடியக்காலம் வந்தாப் போதும், இருட்டுல வர வேண்டாம்." அப்படியே வீட்டுக்குத் திரும்பி நடந்துவிட்டாள். அவள் மட்டும் கிணற்றுப் பக்கம் போயிருந்தால் எட்டிப் பார்த்த உடனேயே குதித்திருப்பாள். அந்த வகையில் என் அக்காவைக் காப்பாற்றியது நான்தான். அவள் இதை ஒருநாள் புரிந்துகொள்வாள் என்று நினைக்கிறேன்.

பஸ் இரண்டேகாலுக்குச் சரியாக வந்தது. எனக்கு ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. நாலு வடை இருந்தது. இரண்டைச் சாப்பிட்டேன். பசித்தது, அதை மறைப்பானேன்.

நாலு மணிக்கெல்லாம் மைதானத்து வாசலில் நின்றேன். எனக்கு முன்னால் ஐம்பது அறுபது பேர்தான். தகரத்துக்கு அந்தப் பக்கம் யாரோ டிரம்ஸைத் தட்டிப் பார்த்தார்கள். அந்தச் சத்தம் நெஞ்சுக்குழிக்குள் வந்து விழுந்தது. எனக்குப் பின்னால் ஆலத்தூரிலிருந்து வந்த ஒருவன் நின்றான். பேச்சோடு பேச்சாகப் பையிலிருந்து ஒரு கார்டை எடுத்துக் காட்டினான். அதே படம், அதே இரண்டு வரி, அதே நீலக் கையெழுத்து. அவன் சிநேகிதர்கள் நாலு பேரிடமும் இருந்ததாம். "எல்லாம் அச்சடிச்சது, பாரு" என்று விரலை எச்சில் தொட்டுக் கையெழுத்தின் மேல் தேய்த்தான். மை கலையவில்லை. என்னுடையதை நான் எடுக்கவில்லை. தேய்த்துப் பார்க்கவும் இல்லை. நம்பிக்கை என்று ஒன்று இருக்கிறது.

வாசலில் இரண்டு டிக்கெட்டையும் நீட்டினேன். "இன்னோராள்?" என்றான் வாசல்காரன். பின்னால் வருது என்றேன். இரண்டையும் கிழித்துப் பாதியைக் கொடுத்தான். ஓடினேன். ஓடி மூன்றாவது வரிசையில், மேடைக்கு நேர் நடுவில், இரண்டு நாற்காலி பிடித்தேன். ஒன்றில் நான் உட்கார்ந்தேன். கையில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்து, ரத்தக்கறை அடியில் போகும்படி மடித்து, பக்கத்து நாற்காலியில் விரித்தேன்.

ஐந்து மணிக்குக் கூட்டம் நெரிய ஆரம்பித்தது. "இவிடெ ஆளுண்டோ?" என்று வருகிறவர்கள் எல்லாரும் கேட்டார்கள். உண்டு, வரும் என்றேன். ஊன்றுகோலோடு ஒருவர் வந்தார், ஒரு கால் சூம்பியிருந்தது. அவர் வருகிறவரைக்கும் உட்காருகிறேன், வந்ததும் எழுந்துவிடுகிறேன் என்று கேட்டார். முடியாதென்றேன். கைக்குழந்தையோடு ஒரு பெண். அவளுக்கும் இல்லை என்றேன். முன்னால் இருந்தவர்கள் திரும்பி என்னை முறைத்தார்கள். முறைக்கட்டுமே. ஆள் இருக்கிற நாற்காலியை எப்படிக் கொடுப்பது?

ஐந்தரைக்கு என்று போட்டிருந்த கச்சேரி ஏழு மணிக்குத்தான் தொடங்கியது. நாலு மணி பஸ்ஸில் வந்தவர்கள்கூட முதல் பாட்டைக் கேட்டிருப்பார்கள். அந்த ஒன்றரை மணி நேரம்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. பாட்டு இல்லாதபோது வேறு சத்தம் காதில் கேட்டது.

ஐயா, மேலே ஓர் இடத்தில் பதில் இல்லை என்று எழுதியிருக்கிறேன். அதைத் திருத்தவேண்டும். கயிற்றைக் கட்டி, டிக்கெட்டை எடுத்து, கதவைச் சாத்திவிட்டு நாலு எட்டு நடந்தபிறகு கிணற்றிலிருந்து குரல் வந்தது. மெதுவாகத்தான் வந்தது. "மாப்ளே, தூக்குடா." அவ்வளவுதான். நான் நின்றேன். கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்று நாற்பத்தாறு. தனியாளாக அவரைத் தூக்க என்னால் ஆகாது, கையும் அறுந்திருந்தது. கயிறுதான் கட்டியிருக்கிறதே, பிடித்து ஏறிக்கொள்வார் என்று நினைத்தேன். நடந்தேன்.

சுவக்கீன் வந்தார். படத்தில் பார்த்ததைவிடக் குள்ளம். முன்மண்டை வழுக்கை விழத் தொடங்கியிருந்தது. தொண்டை கட்டியிருந்தது, இரண்டாவது பாட்டில் ஓர் அடியை மறந்துவிட்டார். பின்னால் இருந்தவர்கள் கூச்சல் போட்டார்கள். எனக்கு அதெல்லாம் ஒன்றுமே தெரியவில்லை. இருபதடி தூரத்தில் அவர் நின்றார். மேடையின் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர். டிரம்ஸ் அடிக்க அடிக்க நாற்காலி அதிர்ந்தது, பல் அதிர்ந்தது. எனக்குள் இருந்த குரல் எல்லாம் அடங்கிப்போயிற்று. கையைத் தட்டினேன். தட்டத் தட்டக் காயம் பிளந்து ரத்தம் முழங்கை வரை வந்தது, நிறுத்த முடியவில்லை. அழுதேன். நாலு வருஷம் அடக்கி வைத்திருந்தது எல்லாம் வந்தது. அந்த ஒரு மணி நேரத்தில் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

கடைசிக்கு முந்தின பாட்டு முடிந்ததும் அவர் தண்ணீர் குடித்துக்கொண்டே கீழே பார்த்தார். அவ்வளவு நெரிசலில் ஒரே ஒரு நாற்காலி காலியாக இருந்தால் கண்ணில் படத்தானே செய்யும். மைக்கில் கேட்டார், "அந்த நாற்காலி யாருக்குங்க? வரவேண்டியவர் இன்னும் வரலையா?"

கூட்டம் சிரித்தது. நான் எழுந்து நின்றேன். என்னைத்தான் பார்த்தார், என் கண்ணைப் பார்த்தார். "வருவாருங்க" என்றேன்.

"அப்ப இந்தப் பாட்டு அவருக்கு" என்று சொல்லிவிட்டுப் பாடினார்.

முப்பத்தொரு கடிதம் எழுதியவன் நான். அவர் என்னிடம் பேசிய பேச்சு அது ஒன்றுதான். பாட்டோ மச்சானுக்குப் போய்விட்டது. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. இருந்தாலும் டிக்கெட் வாங்கியவர் அவர், போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டில் படுத்திருந்துவிட்டுக் காலை முதல் பஸ்ஸில் ஊருக்கு வந்தேன். அக்காவுக்கு நேந்திரங்காய் சிப்ஸ் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டேன். அதற்கு முன்னாலேயே வேலைக்கு வந்த குப்பண்ணன் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டார். மச்சான் குழிக்குள் இல்லை. விழுந்த வேகத்தில் கெட்ட காற்று கலைந்து மூச்சுத் திரும்பியிருக்கும் என்றாராம். ஒடிந்த காலோடு கயிற்றைப் பிடித்து ஏறி, மோட்டார்த் திட்டுக்கு வந்துவிட்டிருந்தார். அங்கிருந்து படி. படியில் ஏறத்தான் முடியவில்லை. பொழுது சாய்கிற வரைக்குமாவது உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னதாக நீங்கள் சொன்னீர்கள். இரண்டு மணிக்கு வந்து அக்கா சுவிட்சைப் போட்டிருந்தால், அல்லது சோற்றுப்போசியோடு கிணற்றடி வரை வந்திருந்தால், கேட்டிருக்கும் என்றும் சொன்னீர்கள். கன்று ஐந்நூறும் காய்ந்துபோயிற்று என்று கேள்விப்பட்டேன்.

நான் கயிற்றின் நுனியைப் புளியமரத்தில் தளர்வாகத்தான் கட்டினேன், கையில் வலி. இரண்டு விரலால் இழுத்தால் அவிழ்கிற முடிச்சு. அது இறுகி இறுகி மரப்பட்டைக்குள் பதிந்து, அரிவாளால் வெட்டித்தான் எடுத்தோம் என்று குப்பண்ணன் சாட்சி சொல்லியிருக்கிறார். கீழேயிருந்து எத்தனை தடவை இழுத்தால் அப்படி இறுகும் என்று நேற்று கேட்டீர்கள். தெரியாது ஐயா. நான் அங்கே இல்லை. ஆனால் நான் கட்டிய கயிற்றைப் பிடித்துத்தான் அவர் அவ்வளவு தூரமாவது ஏறினார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். விளக்கு அணைந்ததைப் பார்த்தது நான். எரிந்தது என்று சொன்னதும், அவர் கூப்பிட்டதைக் கேட்டும் நடந்ததும், அக்காவைப் பாதி வழியில் திருப்பி அனுப்பியதும் நான்தான். மச்சான் வரமாட்டார் என்று வாசலில் டிக்கெட்டை நீட்டும்போதே எனக்குத் தெரியும். இதற்கு என்ன தண்டனையோ கொடுங்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு டிக்கெட்டுக்கு ஒரு நாற்காலிதான். அதற்காகத்தான் இரண்டு டிக்கெட். அத்தனை கூட்டத்தில், அத்தனை பேர் வந்து கெஞ்சியும், அவர் இடத்தை நான் யாருக்கும் விடவில்லை. கடைசிப் பாட்டு முடிந்து விளக்கை அணைக்கிற வரைக்கும் அந்தத் துண்டின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டே இருந்தேன். மச்சானை நான் கைவிட்டேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.